அம்மாவின் டிவிஎஸ் 50: மூன்று மாத வேலை

அம்மா கிராம சுகாதாரச் செவிலியர். நத்தம் பக்கத்தில் 'நர்ஸம்மா வண்டி' என்றால் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரியும். 1996-இல் கடன் போட்டு வாங்கிய டிவிஎஸ் 50. அதில்தான் 15 வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். 2011-இல் வண்டியின் ஆர்சி பதிவு முடிந்தது, முழங்கால் வலியும் கூடவே வந்தது. பட்டனை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டார். பழைய வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் போய், கோழி அடைகிற இடமாகிவிட்டது.

அவர் ஓய்வு பெறுகிற அன்றைக்கு அந்த வண்டி ஓட வேண்டும். இதுதான் திட்டம். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. மிக்ஸி, ரேடியோ என்று வீட்டில் கண்டதையும் பிரித்துப் போடுகிற பழக்கம் மட்டும் உண்டு. அவற்றில் பாதி மறுபடி ஓடியிருக்கிறது.

நியாயமாக 2021 ஜூலையில், 58 வயதில் அம்மா ஓய்வு பெற்றிருக்க வேண்டும். 2020 மே மாதம் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. சரி, ஒரு வருஷம் கிடைத்ததே என்று ஸ்பேனரைக் கீழே வைத்தேன். 2021 பிப்ரவரியில் 60 என்றார்கள். இன்னும் ஒரு வருஷம். அம்மாவுக்கு அந்த இரண்டு வருஷமும் கொரோனா ஊசி, வீடு வீடாகக் கணக்கு என்று போனது. எனக்குச் சும்மாவே போனது. கடைசியில் 2023 மே மாதம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நண்பன் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். மாட்டுக்கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்து அம்மா கேட்டால், எடைக்குப் போட்டாயிற்று என்று சொல்வதாக ஏற்பாடு. அவர் கேட்கவேயில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முதல் வாரம். பெடலை மிதித்தால் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் முக்கி மிதித்ததும் பிஸ்டன் நகர்ந்தது. அப்புறம் கார்புரேட்டர். பழைய பெட்ரோல் காய்ந்து பலாப்பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகிற ஜெட் ஓட்டையில் வெளிச்சம் தெரியவில்லை. கரண்ட் ஒயரை உரித்து ஒற்றைச் செம்புக் கம்பியை விட்டுக் குத்தினேன். ஊசி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், விடாதே என்று மெக்கானிக் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் டேங்கில். உள்ளே ஒரே துரு. ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டு, வினிகர் ஊற்றி, இரண்டு நாள் போகும்போதும் வரும்போதும் குலுக்கினேன். பளபளவென்று வந்தது. சந்தோஷத்தில் தண்ணீர் விட்டு அலசி, காயட்டும் என்று கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் உள்ளே முழுக்க மஞ்சள்பொடி தூவின மாதிரி புதுத் துரு! துரு போன வெறும் இரும்பு ஈரத்தைக் கண்டால் ஒரே ராத்திரியில் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுபடி வினிகர், மறுபடி இரண்டு நாள். இந்த முறை அலசின கையோடு வெயிலில் காயவைத்து, சூடு ஆறியதும் ஆயில் கலந்த பெட்ரோலை விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் படுகிற மாதிரி சுழற்றினேன்.

ஜூன் கடைசியில் வண்டி கிளம்பியது. கிளம்பியதே தவிர இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஆஸ்துமாக்காரர் மாதிரி இரைத்தது. சைலன்சர் அடைப்பு. கழற்றி, கொட்டாங்குச்சி நெருப்பில் போட்டுச் சிவக்க எடுத்துத் தட்டினால், காப்பிப்பொடி மாதிரி கரி கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு கை நிறைய. “லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் ஊத்துற வண்டியில இவ்வளவு கரி வராதே தம்பி” என்று மெக்கானிக் அண்ணன் தாடையைச் சொறிந்தார். அப்போது எனக்கும் புரியவில்லை.

பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப் எல்லாம் திண்டுக்கல்லில் கிடைத்தன. அதில் கதை ஒன்றுமில்லை, செலவு மட்டும்தான்.

பெயின்ட் அடிக்கிற அன்றைக்குக் கேரியரில் கை நின்றது. பின் கேரியரின் இரண்டு கம்பிகளிலும் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்டே இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது. தடுப்பூசிப் பெட்டி உட்கார்ந்த இடம். புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு ஐஸ் கட்டிப் பைகளோடு மருந்தை அந்தப் பெட்டியில் வாங்கி, சைக்கிள் டியூபை வெட்டின பட்டையால் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளியும். நானும் ஒளிந்திருக்கிறேன், சொந்த அம்மாவுக்குப் பயந்து. சொட்டு மருந்து முகாம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பெட்டி ஏறும். நாட்டில் இயற்கையாகப் பரவுகிற போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். வண்டி ஓய்ந்ததும் அதே வருஷம்தான். இதை எங்கள் வீட்டில் வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்த ஒரு சாணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்தேன். துரு ஏறாமல் இருக்க அங்கே கொஞ்சம் கிரீஸ் தடவினேன், அவ்வளவுதான்.

ஆர்சியைப் புதுப்பிக்க முடியவில்லை. வண்டி அம்மா பெயரில் இருக்கிறது, கையெழுத்து வாங்கப் போனால் குட்டு உடைந்துவிடும். அதனால் ரோடு இப்போதைக்கு இல்லை, எங்கள் தோப்புப் பாதை மட்டும்.

ஜூலை 31, திங்கட்கிழமை. மாலை, சால்வை, குரூப் போட்டோ, ஸ்வீட் காரம். அம்மா பேசும்போது அழவில்லை. ரெஜிஸ்டர் ஒன்றில் கையெழுத்து விட்டுப்போச்சு என்று நடுவில் எழுந்து போய்விட்டு வந்தார். சாயந்திரம் தோப்புக்கு அழைத்துக்கொண்டு போனேன். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேரியரைத் தொட்டுப் பார்த்து, “டியூப் பட்டை எங்கடா?” என்றார். அது எனக்குத் தோன்றவேயில்லை.

ஸ்டாண்ட் போட்டு நான்தான் பெடலை மிதித்துக் கிளப்பினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர், கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்காமலே புகையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆயில் எவ்வளவு கலந்த?”

“லிட்டருக்கு 20 மில்லிம்மா.”

“பத்தாது. பொட்டியோட ஏத்தத்துல தெணறும். நான் எப்பவும் மேல ரெண்டு மூடி சேத்துத்தான் ஊத்துவேன். பாவம், அதுவும் என்னோட சேந்து அலையுதுல்ல.”

அந்த இரண்டு கை கரி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். ஆகஸ்டில் பெட்ரோல் வாங்கி வந்தபோது நானும் மேலே இரண்டு மூடி ஊற்றினேன். சைலன்சரை வருஷத்துக்கு ஒரு தரம் நெருப்பில் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.