தற்போதைய முகவரி

2024 யூன் 9, ஞாயிறு

கனடாவில் இருக்கிற என் கணவர், என்னை அங்கே கூப்பிடுகிற விண்ணப்பத்துக்குக் காசு கட்டிவிட்டார். 1,205 டொலர். கைரேகைக்கு 85 தனி. "ரூபாயில பெருக்கிப் பாராதையும்" என்றார். பார்த்தேன். பாராமல் விட்டிருக்கலாம்.

யூன் 11

5532ஆம் படிவம் முழுக்க எங்கள் கதைதான். முதலில் எங்கே கண்டீர்கள், யார் அறிமுகம் செய்தது, கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள், ஒருவருக்கொருவர் என்ன பரிசு கொடுத்தீர்கள். ஒரு வருசத்துக்கு மேல் போனில் கதைத்துவிட்டு, கலியாண எழுத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆளை நேரில் கண்டேன். எங்கள் ஊரில் இது ஒரு புதினமே இல்லை. வாசிக்கப்போகிற ஆளுக்கு எப்படி இருக்குமோ. பேசிச் செய்த கலியாணம் என்று மறைக்காமல் எழுதும் என்கிறார்.

வட்ஸ்அப் அழைப்பெல்லாம் பி.டி.எஃப். ஆக்கக் கடைக்குப் போனேன். பொடியன் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்வளவுக்கும் கதைக்க என்ன இருந்தது?" என்றான். இன்றைக்கு என்ன சமையல், அங்கே பனியா, இவ்வளவுதான் தம்பி.

யூன் 15

அடுத்த படிவம், 5406. அம்மா, அப்பா, சகோதரர்கள். பெயர், பிறந்த திகதி, தொழில், தற்போதைய முகவரி. உயிரோடு இல்லையென்றால் இறந்த இடமும் திகதியும். அப்பாவின் விபரம் 5669ஆம் படிவத்திலும் ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

அம்மாவின் வரி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்பாவுக்குப் பெயர் போட்டேன், பிறந்த திகதி போட்டேன், தொழில் கமம் என்று போட்டேன். அதற்குப் பிறகு பேனை நகரவில்லை. இறந்தவர் என்றால் திகதி வேண்டும். 2009 மே, போர் முடிந்த நாட்கள். பதினேழா பதினெட்டா என்பதில் அம்மாவும் சித்தப்பாவும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. வட்டுவாகல் என்று இடத்தை எழுதலாம்தான். ஆனால் அது நாங்கள் அவரைக் கடைசியாகக் கண்ட இடம். இருக்கிறார் என்று எழுதினால் எந்த வீட்டு இலக்கம்? வெறுமையாக விட்டால் படிவம் முழுமையில்லை என்று திரும்பிவரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

அவரிடம் கேட்டேன். "இறந்திட்டார் எண்டு போடும். அவையளுக்கு என்ன விளங்கப்போகுது." கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. அவருக்கு இது ஒரு கட்டம். இரவு வேலைக்குப் போகமுதல் முடிக்கவேண்டிய கட்டம்.

நாங்கள் அனுப்புகிற கலியாணப் படங்களில் பாதியில் அம்மா நிற்கிறா. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். அப்பா இல்லை என்று நானே எழுதி, அதே கோப்புக்குள் அந்தப் படத்தையும் வைக்கிறதா? போன மாதமும் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடிக்குப் போய், அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தா. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டம். வெயிலென்றும் பாராமல் போவா.

யூன் 16

"2009 மே முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று போட்டு, ஒரு பக்கக் கடிதமும் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

யூன் 18

5669இல் இன்னொன்று: எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்களா? போர் முடிந்ததும் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம் இதற்குள் வருமா? முள்ளுக்கம்பிக்கு உள்ளேதான் இருந்தோம், வெளியே போக விடவில்லை. எனக்கு அப்போது 13 வயது.

யூன் 30

அனுப்பியாச்சு.

ஆகஸ்ட் 2

எஃப் எழுத்தில் தொடங்கும் கோப்பு இலக்கம் வந்திருக்கிறது. மூன்று வருசத்துக்கு என் செலவெல்லாம் தன் பொறுப்பு என்று அவர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். கலியாண எழுத்தில்கூட இப்படி ஒரு வரி இல்லை. இதைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன்.

ஆகஸ்ட் 20

இரவு பஸ்ஸில் கொழும்பு, வெள்ளவத்தை. கைரேகை கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பவும் இரவு பஸ். கால் வீங்கிவிட்டது.

செப்டெம்பர் 22

தேர்தல் முடிவு. வீடே ரீவிக்கு முன்னால். நான் விண்ணப்ப நிலை காட்டும் போர்ட்டலுக்கு முன்னால். இரண்டாவதில் மாற்றமில்லை.

ஒக்டோபர் 10

மெடிக்கல். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இடது தோளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, இது என்ன என்று டொக்டர் கேட்டார். அரிசிமணியளவுதான் இருக்கும். "ஷெல் துண்டு." "நோகுமா?" "மழைக்கு." எழுதிக்கொண்டார். காசநோய் இல்லை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

நவம்பர் 4

அங்கே நேரத்தை மாற்றிவிட்டார்கள். ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரையாகிவிட்டது. இனி அவர் வேலை முடிந்து வர, இங்கே விளக்கு வைக்கிற நேரம். அம்மா சாமிக்குப் பூ வைக்க, நான் காதில் போனோடு கிணற்றடியில். இன்றைக்குச் சண்டை. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்காபரோவில் பேஸ்மென்ட் வாடகை கூடிவிட்டதில் தொடங்கியது.

நவம்பர் 6

ஃபேஸ்புக்கில் ஒரு பிள்ளை, எனக்குப் பிறகு போட்டவள், பாஸ்போட் கேட்டு வந்துவிட்டது என்று மூன்று பூமாலைப் படத்தோடு எழுதியிருக்கிறாள். வாழ்த்துப் போட்டேன். மனம் வாழ்த்தவில்லை.

நவம்பர் 27

மழை, மழை, மழை. ஏ.எல். பரீட்சையே நின்றுபோச்சு. கரண்ட் இல்லை. தோள் நோகிறது.

டிசெம்பர் 12

கடிதம் வந்திருக்கிறது. 30 நாளுக்குள் தகப்பனாரின் நிலை பற்றி ஆவணம் வேண்டுமாம். மரணச் சான்றிதழ் அல்லது அதற்கு ஈடான ஒன்று.

டிசெம்பர் 13

மரணம் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வந்தது. அதைக் கேட்கலாம் என்று சாப்பிடும்போது மெதுவாகத் தொடங்கினேன். அம்மா கோப்பையைத் தள்ளிவைத்தா.

"அரசாங்கம் ரண்டு லட்சம் தாறம் எண்டு சொன்னபோதே வேண்டாமெண்டனான். அந்தத் துண்டை வாங்கினா அவங்கள் கணக்கை முடிச்சிடுவாங்கள். நீ கனடாவுக்குப் போறதுக்கு நான் அவரை முடிக்கிறதோ?"

பதில் சொல்லவில்லை. அவ கேட்டதில் நியாயமிருக்கிறது. 30 நாள் என்பதிலும் நியாயம் இருக்கும்போல. எனக்குத்தான் ஒன்றிலும் பக்கம் நிற்க முடியவில்லை. அவரிடம் சொன்னபோது கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொம்மாவைக் கரைச்சல்படுத்தாதையும், வேற வழி பாப்பம்" என்றார். யூனில் கட்டத்தை நிரப்பும் என்று சொன்ன அதே மனிசன்.

டிசெம்பர் 15

சித்தப்பா நாளை மோட்டார்சைக்கிளோடு வருகிறார். காணாமல்போனோரைப் பதிகிற யாழ்ப்பாணம் ஓ.எம்.பி. அலுவலகத்தில் பதிவு செய்ததற்கு ஒரு கடிதமாவது தருவார்களா என்று கேட்கலாம். கொண்டுபோகவேண்டியது: அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி, செஞ்சிலுவைக்காரர் தந்த துண்டு, மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாட்டு இலக்கம். எல்லாம் அம்மாவின் பைக்குள். காலையில் கேட்கவேண்டும்.