கள்ளு குடியில் சேருமா?

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் நான் அனஸ்தீசியா டெக்னீஷியன். ஊர் கேரளம், வருகிறவர்களில் பாதிப்பேர் பேசுவது தமிழ்.

'மயக்க ஊசி' என்று எல்லோரும் ஒருமையில்தான் சொல்கிறார்கள். எங்கள் டிரேயில் ஐந்தாறு சிரிஞ்சு இருக்கும். வலிக்கு ஃபென்டனில். தூங்க வைக்க புரோபோஃபால். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்தது, பார்க்கப் பால் மாதிரி. ஏறும்போது எரியும். "கை காந்துதுங்க" என்பார்கள். அதனால் கொஞ்சம் லிக்னோகெய்ன். அப்புறம் தசையைத் தளர்த்த அட்ராகூரியம். அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைப்பது என் வேலை.

வரிசை மாறவே கூடாது. அட்ராகூரியம் தூக்கமும் தராது, வலியையும் எடுக்காது. தூங்காத ஆளுக்கு அது போய்விட்டால், நடப்பது எல்லாம் தெரியும், விரலைக்கூட அசைக்க முடியாது. இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகாத பயம் அது ஒன்றுதான்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார். 60 கிலோ. "குடிப்பீங்களா?" "அதெல்லாம் இல்லைங்கம்மா." கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 120 மில்லிகிராம், அதாவது 12 மில்லி புரோபோஃபால் போயிற்று. மனிதர் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்! அட்ராகூரியத்தை எடுத்து நீட்டிய என் கை அப்படியே நின்றது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். 17 மில்லியில்தான் பேச்சு நின்றது. இமையைத் தொட்டுப் பார்த்தார், அசைவில்லை. அதற்குப் பிறகே அடுத்த சிரிஞ்சைக் கேட்டார்.

வெளியே வந்து அந்த நோயாளியின் மனைவியிடம் கேட்டேன்.

"குடியெல்லாம் கிடையாதுங்க. காலையிலயும் பொழுதோடயும் கள்ளு மட்டுந்தான்."

எங்கள் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டில் 1987 முதல் தடை என்பதால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களும் எல்லை தாண்டி வருவார்கள். இங்கே பிராந்திதான் குடி. கள்ளு சாப்பாட்டோடு சேர்த்தி. அவர் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டோம். வருஷக்கணக்காகக் குடித்த உடம்புக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அன்று காலையே குடித்துவிட்டு வந்திருந்தால் நேர்மாறு: குறைவாகவே போதும், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு.

இப்போது கள்ளு என்று தனியாகவே கேட்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தென்னங்கள்ளா, பனங்கள்ளா? எதைக் கேக்கறே கண்ணு?"