கதவு திறந்தது, வேறொருவர் பெயரில்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வேலைக்கு ஒரு கணக்கு, சொந்தத் திட்டங்களுக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறை) வழியாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் தேவை. 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தரப்படும் டோக்கனை விட எஸ்எஸ்எச் சாவி எனக்கு வசதி.

சாவி உருவாக்குவது நொடி வேலை. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் ஈடி25519 வகையைக் கேட்டால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். பொதுச் சாவியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தனிச் சாவி கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. ஒரே சாவியை இரண்டு கணக்குகளில் சேர்க்க முடியாது என்பதால் இரண்டு ஜோடி உருவாக்கினேன்.

முதன்முறை இணையும்போது சர்வரின் கைரேகையை (அதன் பொதுச் சாவியின் சுருக்க அடையாளத்தை) காட்டி, தொடரலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். ‘ஷா256’ என்ற முன்னொட்டுக்குப் பின் 43 எழுத்துகள். பலர் அதைப் படிக்காமலே ‘யெஸ்’ என்று அடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று உறுதிசெய்ய வேண்டிய இடமே அதுதான். கிட்ஹப் தன் ஆவணங்களில் வெளியிட்டிருக்கும் கைரேகையை நகலெடுத்து, ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக அதையே ஒட்டினேன். இரண்டும் பொருந்தினால்தான் எஸ்எஸ்எச் மேலே போகும். கண்ணால் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டியதில்லை.

இதுவரை எல்லாம் சரி. வேலைக் களஞ்சியத்தை, அதாவது நிரல் தொகுப்பை, குளோன் செய்யப் (கணினிக்கு நகலெடுக்க) போனால் ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று பதில் வந்தது. அனுமதி மறுப்பு என்று சொல்லியிருந்தால் சாவியைச் சந்தேகிக்கலாம். உலாவியில் கண்ணெதிரே திறந்திருக்கும் களஞ்சியத்தை இல்லை என்றால் எங்கே தேடுவது?

விடை, சோதனைக் கட்டளையில் இருந்தது. பெரிய ‘டி’ விருப்பத்தோடு சர்வரை அழைத்தால், நாம் யார் என்று பெயர் சொல்லி வரவேற்கும். வந்த பெயர் என் சொந்தக் கணக்கினுடையது. எஸ்எஸ்எச்சில் அங்கே எல்லோருக்கும் பயனர் பெயர் ‘கிட்’ மட்டுமே. நாம் யார் என்பதை நாம் நீட்டும் சாவியை வைத்தே சர்வர் முடிவுசெய்கிறது. முதலில் நீட்டிய சாவியை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கணக்குக்கு வேலைக் களஞ்சியத்தைப் பார்க்கும் உரிமை இல்லை. உரிமை இல்லாதவருக்குத் தனியார் களஞ்சியம் இருப்பதையே காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால்தான் அந்தப் பதில். யோசித்தால் அது நியாயமான ஏற்பாடு.

சிறிய ‘வி’ விருப்பத்தைச் சேர்த்து மறுபடி இணைத்தேன். எந்தச் சாவி எந்த வரிசையில் நீட்டப்படுகிறது என்று வரிவரியாகத் தெரிந்தது. எஸ்எஸ்எச் கோளாறுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலில் ஏற்றியிருந்த சொந்தச் சாவி முந்திக்கொண்டிருந்தது. எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் வேலைச் சாவியைக் குறிப்பிட்டிருந்தாலும், அது ஏஜென்டில் இல்லாதவரை மற்றவற்றுக்குப் பின்னால்தான் நிற்கும். ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்’ என்ற வரியைச் சேர்த்த பிறகே குறிப்பிட்ட சாவி மட்டும் போனது.

கான்ஃபிக்கில் ‘வேலை’, ‘சொந்தம்’ என்ற பொருளில் இரண்டு புனைபெயர்கள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவிக் கோப்பைக் கொடுத்தேன். குளோன் செய்யும்போது முகவரியில் கிட்ஹப்பின் பெயருக்குப் பதில் புனைபெயர். ஏற்கெனவே கணினியில் இருந்த களஞ்சியங்களுக்கு ‘ரிமோட் செட்-யூஆர்எல்’ கட்டளையால் முகவரியை மாற்றினேன்.

அலுவலக வலையமைப்பில் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) அடைபட்டிருந்தது. இணைப்பு எந்தப் பதிலும் இல்லாமல் நின்று, பிறகு நேரம் கடந்துவிட்டது என்று அறுந்தது. இதற்கென்றே கிட்ஹப் 443ஆம் போர்ட்டில் தனிப் பெயரில் எஸ்எஸ்எச் சேவை வைத்திருக்கிறது. கான்ஃபிக்கில் பெயரையும் போர்ட்டையும் மாற்றினால் போதும். புதிய பெயர் என்பதால் கைரேகைக் கேள்வி மீண்டும் வரும். அங்கேயும் அதே கைரேகையை ஒட்டினேன்.

சாவி சரியாகிவிட்டால் கமிட்டில் (கிட்டின் மாற்றப் பதிவில்) வரும் பெயரும் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சாவி தீர்மானிப்பது புஷ் செய்பவரை (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புபவரை) மட்டுமே. கமிட்டின் பெயரும் மின்னஞ்சலும் கிட்டின் சொந்த அமைப்பிலிருந்து வருகின்றன. வேலைக் கோப்புறைக்கு மட்டும் வேறு மின்னஞ்சல் பொருந்தும்படி ‘இன்க்ளூட்இஃப்’ நிபந்தனையை அங்கே எழுதி வைத்திருக்கிறேன்.