பெரியம்மாவின் தாடை அறுவை சிகிச்சை

இதயம் பலவீனம், நுரையீரலும் சரியில்லை, முழு மயக்கம் ஆபத்து என்றதும் பினாங்கில் எங்கள் வீடே கலங்கிப்போனது. பெரியம்மாவின் கீழ்த்தாடை நீர்க்கட்டியை அப்படியே விட்டுவிடுவதா? மயக்க மருத்துவர் வேறு வழி சொன்னார்: முக உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் கீழ்த்தாடைக் கிளையை மட்டும் லிக்னோகேயின் ஊசியால் மரத்துப்போகச் செய்வது. 1943இல் சுவீடனில் உருவான மருந்து, இன்றும் கைகொடுக்கிறது! தொண்டையில் குழாய் வேண்டாம். நோயாளி விழித்தபடி தானே மூச்சு விடுவார். எல்லா அறுவைக்கும் இது பொருந்தாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாதி உதடு மரத்திருக்க, “வலிக்கிறதா அம்மா?” என்ற கேள்விக்குப் பெரியம்மா இல்லையென விரலை ஆட்டினாராம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். உணர்வு திரும்பும்வரை சூடான கஞ்சி கொடுத்துவிடாதீர்கள். உதடு வெந்தாலும் தெரியாது.