ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பழுப்புச் சீசா

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், கொட்டகை கூட்டப் போன என் வீட்டுக்காரி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “ஏங்க, செவலைக்கு மூக்குச்சளி மஞ்சளா ஒழுகுது. இரைக்குது வேற.”

நாங்கள் இருப்பது மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். 30 வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு, ஓய்வுப் பணத்தில் ஆடு வாங்கியவன் நான். அப்போது 17 உருப்படி. வைத்தியம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு மாமா சொன்னதும், மருந்துச் சீசாவின் மேல் ஒட்டியிருப்பதைப் படித்ததும்தான்.

ஃப்ரிட்ஜ் கதவில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி ஊசிமருந்துச் சீசா ஒன்று இருந்தது. முந்தின வருஷத்து மிச்சம். கடைக்காரர் சீட்டுக் கேட்காமல் கொடுத்தார், நானும் காட்டாமல் வாங்கிவந்தேன். உள்ளே மருந்து கறுத்திருந்தது. வெளிச்சம் பட்டால் அது அப்படிக் கெட்டுப்போகும் என்பது பிறகுதான் தெரிந்தது. 10 கிலோ எடைக்கு 1 மில்லி என்று போட்டிருந்தது. செவலையைக் கண்ணாலேயே 20 கிலோ என்று எடை போட்டு 2 மில்லி ஏற்றினேன். (பின்னால் தராசில் நிறுத்தபோது 31.) மூன்றாம் நாள் எழுந்து பூவரசந்தழை கடித்தது. நானே டாக்டர் ஆகிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

ஐந்தாம் நாள் மறுபடியும் சளி, கூடவே இரண்டு குட்டிகளுக்கும். சீசாவில் கிடந்ததை மூன்றுக்கும் பிரித்துப் போட்டேன். மறுநாள் விடியற்காலையில் ஒரு குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி வாங்கி, என் மனைவி மடியிலேயே போய்ச் சேர்ந்தது.

அப்புறம்தான் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அடித்தேன். வந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. செவலைக்குக் காய்ச்சல் 106. “என்ன ஊசி போட்டீங்க ஐயா?” சீசாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியே படாமல் இருமத் தொடங்கியிருந்த ஒரு கிடாவின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

சில நாள் கழித்து, அந்தச் சளியில் இருந்த கிருமியைக் கல்லூரியில் வளர்த்த தட்டைக் கண்ணால் பார்த்தேன். ரத்தம் கலந்த சிவப்புக் கூழ், அதன்மேல் சாம்பல் படலமாகக் கிருமி. ஊடே ஊடே வெள்ளைக் காகிதப் பொட்டுகள். அந்தக் காலத்தில் டிக்கெட்டில் ஓட்டை போட்டால் காலடியில் விழுமே, அந்த அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. சில பொட்டுகளைச் சுற்றி நிலாவுக்கு வட்டம் போட்ட மாதிரி தெளிவாக இருந்தது. அங்கே கிருமி வளரவில்லை. என் பழுப்புச் சீசா மருந்து இருந்த பொட்டை மட்டும் கிருமி விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது.

“ஆட்டுக்கு மருந்து பழகிப்போச்சு” என்று ஊரில் சொல்வோம். ஆட்டுக்குப் பழகவில்லை, கிருமிதான் தப்பிக்கக் கற்றுக்கொண்டது. தட்டில் வளர்ந்தது பாஸ்சரெல்லா மல்டோசிடா. நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கிற ஜாதி. மழை, குளிர், நான்கு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியதால் கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி என்று ஆடு சோர்ந்தால், நுரையீரலுக்கு இறங்கிவிடும். காலில் புண் என்று ஊசி போட்டாலும் தொண்டையில் இருப்பதற்கும் மருந்து போய்ச் சேர்கிறது. அரைகுறை அளவில் எளியது சாகும், தாங்கியது பெருகும். உள்ளே வந்த டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடும் வித்தை சில கிருமிகளிடம் இருக்கிறது. அந்த வித்தை எழுதிய மரபணு வளையத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன, கூட்டத்தில் சில்லறையைக் கைமாற்றிக் கைமாற்றி கண்டக்டரிடம் அனுப்புகிற மாதிரி. இன்னொரு ஜாதிக் கிருமிக்குக்கூட.

கோழித் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டினை 2019இல் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் வேண்டிய மருந்து அது. என் ஃப்ரிட்ஜ் கதவை எந்த அரசாங்கம் வந்து பார்க்கும்? ஆனால் எல்லாப் பழியையும் ஆட்டுக்காரன் தலையில் கட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி 10 மணிக்கு, முழங்கால் தண்ணீரில், இரைக்கிற ஆட்டை வைத்துக்கொண்டு நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

தட்டு சொன்ன மருந்தை, எடை போட்டு, சொன்ன நாள்வரை விடாமல் போட்டோம். இரண்டு பிழைத்தன. செவலை ஓடினால் இன்னும் இருமும். தார்ப்பாயை இப்போது சாரல் அடிக்கிற பக்கம் மட்டும்தான் இறக்குகிறேன்.

கார்த்திகையில் கறி வியாபாரி வந்து, ஊசி போட்ட அந்தக் கிடாவின் முதுகைத் தட்டிப் பார்த்து விலை சொன்னார். நல்ல விலை. மருந்து உடம்பைவிட்டுப் போக டாக்டரம்மா குறித்துக் கொடுத்த கணக்கில் 9 நாள் பாக்கி என்றேன். “அறுத்துட்டா யாருக்குண்ணே தெரியப்போவுது?” என்றார். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.