பேக்கப் சாவிக்கு முழு ஷெல் எதற்கு?

ராத்திரி தானாக ஓடும் பேக்கப்புக்கான எஸ்எஸ்ஹெச் சாவியை (வேறொரு சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் சாவிக் கோப்பு) பெரும்பாலும் பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவிக்கான கடவுச்சொல், இல்லாமல்தான் உருவாக்குகிறோம். நடுச்சாமத்தில் தட்டச்சு செய்ய ஆள் இருக்காதே. ஆனால் அந்தச் சாவிக்கு முழு ஷெல், அதாவது எந்தக் கட்டளையையும் ஓட்டும் வசதி, இருந்து அது களவுபோனால் பேக்கப் சர்வரே திருடன் கையில். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்கள் குறிவைத்து அழிப்பதும் பேக்கப்பைத்தான்.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, டாட்டு யுலோனென் எழுதியது எஸ்எஸ்ஹெச். அது தரும் வழி பத்திரமானது. சாவியை நாம்தான் கட்டிப்போட வேண்டும்.

அதற்கான வசதியும் உள்ளேயே இருக்கிறது. பலர் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். எந்தெந்தச் சாவிகள் உள்ளே வரலாம் என்று பட்டியலிடும், பேக்கப் சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், அந்தச் சாவி உள்ள வரியின் தொடக்கத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று சேருங்கள். கூடவே 'கமாண்ட்' என்று போட்டு, ஓட வேண்டிய ஒரே கட்டளையை மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். பேக்கப் மென்பொருள் போர்க் என்றால் 'போர்க் சர்வ்', எந்த ஃபோல்டர் என்பதோடு. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்றால் அதனுடன் வரும் ஆர்ஆர்சிங்க். அப்புறம் அந்தச் சாவியோடு வருபவர் என்ன கட்டளை கொடுத்தாலும் அது ஒன்றுதான் ஓடும். டெர்மினல் கிடையாது, அந்தச் சர்வர் வழியாக வேறு இணைப்புகளைக் கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங்கும் கிடையாது.

சரி, மாற்றியதும் அதே சாவியால் சாதாரணமாக உள்ளே போய்ப் பாருங்கள். கட்டளைக்காகக் காத்திருக்கும் ஷெல் ப்ராம்ப்ட் வந்தால் அந்த வரியில் ஏதோ தப்பு.