ஒரு சென்டிமீட்டர் குள்ளமாகிப்போன என் மகள்

ஆறு வாரக் குழந்தை ஒரு சென்டிமீட்டர் குள்ளமாகுமா? என் மகள் ஆனாள். பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மருத்துவக் காரணத்தால் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பால்மாவுதான். சோயாப் புரதத்தில் தயாரித்த புதிய பால்மாவில் குழந்தைகள் சரியாக வளர்கிறார்களா என்று பார்க்கும் ஆய்வு ஒன்றில், எங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சேர்த்தோம். பிறந்த 14 நாட்களுக்குள் சேர்க்க வேண்டும். 12-ஆம் நாளே போய்விட்டோம். டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த எடை இருந்தது. எத்தனையாவது வாரத்தில் பிறந்தாள் என்பது இல்லை. நிறைமாதக் குழந்தை என்பதற்குத் தாள் வேண்டுமாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரசவம் பார்த்த இடத்துக்கு ஓடினால், கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில். 14-ஆம் நாள் மாலை கதவைப் பூட்டும் நேரத்தில் உள்ளே நுழைந்தோம். சேரப்போகிறவர்கள் இதை மட்டும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம், டப்பாக்கள் எல்லாம் சிக்கலில்லை. டப்பாவில் எண் மட்டும்தான். உள்ளே இருப்பது சோயாப் பால்மாவா, ஒப்பிடுவதற்கான பசும்பால் பால்மாவா என்று எங்களுக்கும் தெரியாது, எடை பார்ப்பவருக்கும் தெரியாது. (மோந்து பார்த்தேன். பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?) தாவரப் பால் என்றதும், கடையில் விற்கும் பாதாம் பானமே போதுமே என்றார் ஒருவர். கூடவே கூடாது. குழந்தைப் பால்மா வெறும் தாவரப் பால் அல்ல. சோயாவில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள், துத்தநாகத்தையும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். அதற்காகவே அவற்றைக் கூட்டி, சோயாப் புரதத்தில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்த்துத்தான் பால்மாவைத் தயாரிக்கிறார்கள்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது தராசு. ஒருமுறை ஈர டயப்பரோடு அவளை அதில் கிடத்தினார்கள். அந்த டயப்பர் 100 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய எடைக்கும் இதற்கும் இடையே உள்ள 14 நாட்களால் வகுத்தால், நாளுக்குச் சுமார் 7 கிராம் பொய்யாகக் கூடும். இத்தகைய ஆய்வுகளில் இரு பால்மாவுகளுக்கு இடையே நாளுக்கு 3 கிராம் வித்தியாசம் வந்தாலே பெரிதாகப் பேசுவார்கள். கழற்றிவிட்டு நிறுங்கள் என்றேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் கழற்றினார்கள்.

அதே நாளில்தான் அந்த ஒரு சென்டிமீட்டரும் காணாமல் போனது. நீளம் பார்க்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதத்தில் பலகையைச் சேர்க்க வேண்டும். நர்ஸ் தனியாளாகச் செய்தார். இவளோ காலை மடக்கிக்கொண்டாள். இன்னொருவர் வராமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மறுபடி அளந்தபோது போன சென்டிமீட்டர் திரும்பியது, கூடவே இன்னொன்றரையும்.

தவறு என்னிடமும் இருந்தது. மூன்று நாள் பால் குறிப்பில் கலக்கிய அளவையே எழுதியிருந்தேன். மிச்சத்தைக் கழித்துவிட்டு, குடித்ததை எழுத வேண்டும். மூன்று நாளும் மறுபடி முதலிலிருந்து.

நான்காம் மாதம் கடைசி முறையாகப் போனபோது, வாசலில் என்னைக் கண்டதுமே நர்ஸ் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டார்.